செம்மண் பாதைக்கு எந்த மட்கார்டு?

இரண்டு ஆண்டுகளுக்கு முன், புரட்டாசிக் கடைசியில், ஐப்பசி பிறப்பதற்குள் தன் சைக்கிளுக்கு மட்கார்டு பூட்டிவிட வேண்டும் என்று என் அண்ணன் மகன் வீட்டு வாசலில் வந்து நின்றான். கோட்டையூரிலிருந்து காரைக்குடியிலுள்ள கல்லூரிக்கு நாள்தோறும் சைக்கிளில் போய்வருகிறவன் அவன். வாங்கியிருந்தது 700×35 டயர் போட்ட கியர் வண்டி. கடையிலிருந்து வரும்போதே அதில் மட்கார்டு கிடையாது. "சித்தப்பா, பின்சக்கரத்துக்கு மட்டும் ஒன்று மாட்டினால் போதாதா? மாட்டுவதென்றால் இரும்பு நல்லதா, பிளாஸ்டிக் நல்லதா?" என்று கேட்டான். சட்டை முதுகில் செம்மண் கோடு விழக் கூடாது என்பதுதான் அவன் கவலை. ஒரே வரியில் பதில் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. முப்பது ஆண்டுகளாக இந்த ஊர்ப் பாதைகளில் சைக்கிள் ஓட்டி, எல்லா வகை மட்கார்டுகளையும் மாட்டியும் கழற்றியும் வளைத்தும் உடைத்தும் பார்த்த பிறகு, அது எந்தப் பொருளால் ஆனது என்பதைக் காட்டிலும், எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, டயருக்கும் அதற்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது என்பவையே முதலில் தீர்மானிக்க வேண்டியவை என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். அதிலும் பின்மட்கார்டைவிட முன்மட்கார்டுதான் முக்கியம் என்பது என் உறுதியான கருத்து.

நம் மண்ணை முதலில் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். செட்டிநாட்டில் பெரும்பாலும் செம்மண்ணும் செம்புறாங்கல் சரளையும்தான். கோடையில் அது புழுதியாகப் பறக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை பெய்யும் நாட்களில் அதுவே குழைந்து டயரில் அப்பிக்கொள்ளும். தார்ச்சாலையில் மட்டும் ஓட்டுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை பாதிதான். ஆனால் பள்ளத்தூரானாலும் கானாடுகாத்தானானாலும், பெரிய வீதியை விட்டு இறங்கி ஊருணிக் கரையிலோ கண்மாய்க் கரையிலோ நூறடி போனால் சக்கரம் சகதியில்தான் உருளும். இதோடு சீமைக்கருவேலமும் சேர்ந்துகொள்கிறது. பாதையோரம் வெட்டிப் போட்ட முள்மிலாறு டயரில் குத்திக்கொண்டு, சக்கரத்தோடு சுழன்று மேலேறி, மட்கார்டின் வாயில் நுழையப் பார்க்கும். தூறல் விழுந்து தார்ச்சாலை நனைகிற நாடுகளுக்கு எழுதப்பட்ட குறிப்புகள் மட்கார்டை டயரை ஒட்டினாற்போல் பொருத்தச் சொல்கின்றன. அந்த அளவை அப்படியே இங்கே எடுத்துக்கொண்டால், முதல் பெருமழையிலேயே சகதி அடைத்துச் சக்கரம் சுற்றாமல் நின்றுவிடும்.

சேறு எந்தத் திசையில் பறக்கிறது என்பது தெரிந்துவிட்டால் பாதி முடிவு தானாகவே வந்துவிடும். சக்கரம் உருளும்போது டயரில் ஒட்டிய துளி, பிடிவிடும் புள்ளியில் வட்டத்துக்கு வரையும் தொடுகோட்டின் திசையில் கிளம்புகிறது. முன்சக்கரத்தின் பின்புறத்தில், தரைக்குச் சற்று மேலே பிடிவிடும் துளிகள் பின்னோக்கி மேலேறும். நம் பாதங்களும், பெடலைத் தாங்கிச் சுற்றும் கிராங்கும், செயினும் அந்த வழியில்தான் இருக்கின்றன. 70 செ.மீ. விட்டமுள்ள சக்கரத்தில் முன்மட்கார்டின் கீழ்விளிம்பு தரையிலிருந்து 20 செ.மீ. உயரத்திலேயே முடிந்துவிட்டால், அதற்கு அடியில் தப்பிவரும் சேறு ஏறத்தாழ 65 டிகிரி சாய்வு வரைக்கும் மேலேற முடியும். விளிம்பு 10 செ.மீ.க்கு இறங்கினால் அந்தச் சாய்வு 45 டிகிரிக்குள் அடங்கும், 7 செ.மீ.க்கு இறங்கினால் 37 டிகிரி. சாதாரண வேகத்தில் போகிற வண்டியில், முதலாவது நிலையில் முழங்கால் நனையும். இரண்டாவதில் கெண்டைக்காலோடு நிற்கும். மூன்றாவதில் கிராங்கின் அச்சு உயரத்துக்கு மேல் சேறு வருவது அரிது. ஒரு காகிதத்தில் வட்டம் போட்டுத் தொடுகோடு வரைந்து பார்த்தால் யாருக்கும் இது விளங்கிவிடும். என் அண்ணன் மகனுக்கு முகப்புத் தரையில் சுண்ணாம்புக்கட்டியால் வரைந்துதான் காட்டினேன்.

ஆகவே, பின்மட்கார்டு நம் முதுகையும் பின்னால் வருகிறவரின் முகத்தையும் காக்கிறது. முன்மட்கார்டு காலையும் வண்டியின் உயிர்நாடியான பகுதிகளையும் காக்கிறது. செயினில் ஏறும் செம்மண் அங்குள்ள எண்ணெயோடு குழைந்து, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதுபோலக் கண்ணிகளையும் பல்சக்கரத்தையும் அரைத்துவிடும். சட்டையைத் துவைத்துக்கொள்ளலாம்; தேய்ந்த செயினைத் துவைக்க முடியாது. பின்சக்கரத்துக்கு மட்டும் மாட்டிக்கொள்வது செலவைக் குறைப்பதுபோலத் தோன்றினாலும், கியர் வண்டி வைத்திருக்கிறவருக்கு அது முடிவில் கூடுதல் செலவுதான்.

இனி மட்கார்டு வகைகளுக்கு வருகிறேன். முழுநீள இரும்பு மட்கார்டு, முழுநீள பிளாஸ்டிக் மட்கார்டு, கழற்றி மாட்டும் குட்டை மட்கார்டு ஆகிய மூன்றும்தான் நம் பக்கத்துக் கடைகளில் பொதுவாகக் கிடைக்கின்றன. அலுமினிய மட்கார்டும் உண்டு. நல்ல பொருள்தான், ஆனால் இங்கே கேட்டவுடன் கிடைப்பதில்லை என்பதால் அதை விட்டுவிடுகிறேன்.

இரும்பு மட்கார்டு நம் தாத்தாக்கள் காலத்துப் பொருள். பள்ளத்தூரில் வேர்கொண்ட முருகப்பா குழுமம் 1949-இல் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸ் நிறுவனத்தின் ஹெர்குலிஸ் வண்டிகள் இன்றும் நம் வீதிகளில் ஓடுகின்றன. அவற்றின் மட்கார்டைக் கூர்ந்து பார்த்தால், இந்த ஊர்ப் பாதைக்கென்றே அளவெடுத்தது போலிருக்கும். அகலமானது, இரண்டு ஓரமும் நன்றாகக் கீழே மடிந்திருக்கும், டயருக்கும் அதற்கும் நடுவே பெருவிரல் தாராளமாக நுழையும். நெளிந்தால் மரக்கட்டையை உள்ளே கொடுத்துச் சுத்தியால் தட்டி நிமிர்த்திவிடலாம். பிடிக்கம்பி விட்டுப்போனால் எந்தப் பட்டறையிலும் பற்றவைத்துக் கொடுத்துவிடுவார்கள். குறை என்று பார்த்தால் எடையும் துருவும்தான். இதில் எடையை நான் பெரிதாக நினைப்பதில்லை, ஏனென்றால் இத்தகைய வண்டியை எடுத்துக்கொண்டு யாரும் பந்தயத்துக்குப் போவதில்லை.

துருவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மழைக்காலம் முடிந்து தை மாதத்தில் என் வண்டியைக் கவிழ்த்துப் போட்டு, பின்மட்கார்டின் உட்புறத்தை ஸ்குரூடிரைவர் பிடியால் மெல்லத் தட்டினேன். காய்ந்த செம்மண் ஒரு முழ நீளத்துக்கு, மட்கார்டின் வளைவு மாறாமல், நாட்டு ஓட்டைப்போல அப்படியே பெயர்ந்து கையில் வந்தது. அதன் முதுகில் என் மட்கார்டின் கறுப்புச் சாயம் திட்டுத்திட்டாக ஒட்டிக்கொண்டிருந்தது. சாயம் போன இடமெல்லாம் இரும்பில் மஞ்சள் துரு. மழை நின்று வாரக்கணக்கான பிறகும் அந்த மண் ஓட்டுக்குள் ஈரம் தங்கியிருந்திருக்கிறது. ஈரமும் காற்றும் சேர்ந்தால் இரும்புக்கு என்ன ஆகும் என்பதைக் காரைக்குடிக்காரருக்கு விளக்க வேண்டியதில்லை. உலோக அரிப்பை ஆராயும் சிக்ரி நிறுவனம், 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1953-இல் திறக்கப்பட்டதிலிருந்து நம் ஊரில்தான் இருக்கிறது. வெளிப்புறத்தைத் துடைத்துத் துடைத்து மினுக்குகிற நாம் உட்புறத்தைப் பார்ப்பதே இல்லை. இரும்பு மட்கார்டு வைத்திருப்பவர் மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை அடியிலிருந்து தண்ணீர் பீய்ச்சிச் சேற்றைக் கழுவிவிட வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை, ஆவணியிலோ புரட்டாசியிலோ, உட்புறத்தைச் சுரண்டிக் காயவைத்து ரெட் ஆக்சைடு பூசி, அதன்மேல் ஒரு கை பெயின்ட் அடித்துவிட வேண்டும். இந்த இரண்டையும் செய்கிறவரிடம் இரும்பு மட்கார்டு பல ஆண்டுகள் இருக்கும். செய்ய முடியாது என்று நினைப்பவர் இரும்பை வாங்காமலிருப்பது நல்லது.

பிளாஸ்டிக்கில் இரண்டு தரம் உண்டு. வெறும் பிளாஸ்டிக்கால் வார்த்தது ஒன்று. உள்ளே மெல்லிய அலுமினியத் தகடு வைத்து இருபுறமும் பிளாஸ்டிக் பூசியது மற்றொன்று. எஸ்கேஎஸ் போன்ற வெளிநாட்டு நிறுவனங்களின் முழுநீள மட்கார்டுகள் பல இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தவை. துருப்பிடிக்காது, எடை குறைவு, மண் அவ்வளவாக ஒட்டாது என்பவை பொதுவான நன்மைகள். ஆனால் நம் வெயிலில் நிற்கும் மலிவான பிளாஸ்டிக் இரண்டு கோடையில் நொய்ந்துபோய், போல்ட்டுத் துளையைச் சுற்றி மயிரிழைபோல விரிசல் விடத் தொடங்கும். ஒருமுறை விரிந்தால் பிறகு ஒட்டவைக்க வழியில்லை. அலுமினியம் உள்ளே இருப்பது அப்படி எளிதில் விரிவதில்லை, கொடுத்த வளைவிலும் நிற்கும். விலை கூடுதலானாலும் நாள்தோறும் ஓட்டுகிறவர் அதைத்தான் வாங்க வேண்டும் என்பேன்.

கழற்றி மாட்டும் குட்டை மட்கார்டைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சீட்டுக்கடியிலுள்ள குழாயில் பட்டை போட்டு இறுக்கினால் போதும், இரண்டு நிமிட வேலை. முதுகில் கோடு விழாது, அவ்வளவுதான். முன்பக்கத்தில் கீழ்க்குழாயின் அடியில் கட்டும் பலகை போன்றதும் கண்ணையும் முகத்தையும் ஓரளவு காக்குமே தவிர, காலுக்கும் செயினுக்கும் அதனால் பெரிய பயனில்லை. முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவையான போர்க்கில் ஷாக் அப்சார்பர் வைத்த வண்டிகளில் முழுநீள மட்கார்டின் கம்பியைப் பிடிக்கத் துளையே இருக்காது. அப்படிப்பட்ட வண்டிக்கு இதைவிட்டால் வேறு வழி குறைவு. வீட்டுக்குள் தொங்கவிட்டு, மழை வரும்போலிருந்தால் மட்டும் மாட்டிக்கொண்டு போகிறவருக்கும் இது போதும்.

கடைக்குப் போகுமுன் டயரின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் எண்ணை எழுதி எடுத்துக்கொண்டு போக வேண்டும். "26 அங்குலம்" என்று மட்டும் சொன்னால் தவறான பொருள் கைக்கு வந்துவிடும். 26×1⅜ டயர் போட்ட லேடீஸ் சைக்கிளும் 26×2.125 டயர் போட்ட தடித்த டயர் வண்டியும் வெளிவட்டத்தில் ஏறக்குறைய சமம் என்பதால் மட்கார்டின் வளைவு இரண்டுக்கும் பொருந்துவதுபோலவே தெரியும். ஆனால் முதல் டயரின் அகலம் சுமார் 37 மி.மீ., இரண்டாவதோ 54 மி.மீ. அளவுக்கு வரும். அதேபோல், பழைய 28×1½ வண்டியின் ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் 635 மி.மீ.; 700 என்று போட்ட வண்டியில் அது 622 மி.மீ. தாத்தாவின் வண்டியிலிருந்து கழற்றிய மட்கார்டைப் பேரனின் கியர் வண்டியில் போட முயல்கிறவர்கள், வளைவைவிட அகலத்தில்தான் மாட்டிக்கொள்வார்கள்: புதிய வண்டியின் போர்க்குக் கால்களுக்கு நடுவே அந்த அகலத்துக்கு இடமிருக்காது. பொதுவாக, மட்கார்டு டயரைவிடக் குறைந்தது 8 முதல் 10 மி.மீ. அகலமாக இருக்க வேண்டும். 35 மி.மீ. டயருக்கு 45 மி.மீ. மட்கார்டு என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேலும் இடமிருந்தால் இன்னும் நல்லது.

இடைவெளியைப் பற்றி நான் இத்தனை வற்புறுத்துவதற்கு ஒரு காரணம் உண்டு. முன்பு நானும் ஒரு கியர் வண்டி வைத்திருந்தேன். அதில் பிளாஸ்டிக் மட்கார்டை அழகாக இருக்கிறதென்று டயரிலிருந்து 8 மி.மீ. இடைவெளியில் நானே பூட்டியிருந்தேன். ஒரு கார்த்திகை மாலையில் ஊருணிக் கரை வழியாக வரும்போது, பென்சில் பருமனுள்ள கருவேல மிலாறு ஒன்றை முன்டயர் அள்ளிக்கொண்டு போய் மட்கார்டுக்குள் செருகியது. மிலாறு சுழலும் டயரோடு முன்னோக்கிப் போகப் பார்க்க, மட்கார்டும் அதோடு இழுபட்டு, கம்பிகள் மடங்கி, போர்க்குக்கு அடியில் துணிப்பொட்டலம்போலச் சுருண்டு, சக்கரம் அந்த இடத்திலேயே பூட்டிக்கொண்டது. கைப்பிடிக்கு மேலாக நான் முன்னே போய் விழுந்தேன். இடது மணிக்கட்டில் ஆறு வாரம் கட்டு. பின்சக்கரம் இப்படிப் பூட்டிக்கொண்டால் வண்டி சறுக்கி நிற்கும். முன்சக்கரம் பூட்டிக்கொண்டால் ஆள்தான் பறப்பார். நல்ல முழுநீள பிளாஸ்டிக் மட்கார்டுகளில், முன்பக்கக் கம்பி போர்க்கைச் சேரும் இடத்தில் ஒரு பாதுகாப்புக் கிளிப் கொடுத்திருப்பார்கள். எதாவது சிக்கி இழுத்தால் கம்பி அதிலிருந்து தானே விடுபட்டு, மட்கார்டு அகன்று சக்கரத்தை விட்டுவிடும். முன்மட்கார்டு வாங்கும்போது இந்தக் கிளிப் இருக்கிறதா என்று பார்க்காமல் வாங்கவே கூடாது என்று கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்லிவருகிறேன். இரும்பு மட்கார்டில் அப்படிக் கிளிப் கிடையாது. அங்கே நம்மைக் காப்பது அந்தத் தாராளமான இடைவெளிதான்.

எவ்வளவு இடைவெளி என்றால், தார்ச்சாலைக்கு 10 மி.மீ. போதும், நம் செம்மண்ணுக்கு 15 முதல் 20 மி.மீ. வேண்டும். அதற்கு மேல் போனால் ஓரங்களில் சேறு வழிந்து தெறிக்கும். போர்க்கின் தலைப்பகுதியில் அவ்வளவு இடமில்லை என்றால் மட்கார்டை நெருக்கிப் பொருத்துவதைவிட டயரை ஒரு படி மெலிதாக்குவது மேல். 35-க்குப் பதில் 32 போட்டால் மேலே சுமார் 3 மி.மீ. இடம் கிடைக்கும். சரளைப் பாதையில் சவாரி சற்றுக் கடினமாகும் என்பது உண்மைதான். ஆனாலும் கட்டுப் போட்ட மணிக்கட்டை நினைத்தால் அது பெரிதில்லை.

பூட்டும் வேலையை மெக்கானிக்கிடம் கொடுப்பதா, நாமே செய்வதா என்பது அடுத்த தேர்வு. இரும்பு மட்கார்டைக் கடையில் கொடுத்துவிடலாம். அவர்கள் கை பழகிய வேலை அது. பிளாஸ்டிக் மட்கார்டை நாமே பூட்டுவதுதான் நல்லது, இல்லையென்றால் பக்கத்திலாவது நிற்க வேண்டும். "அண்ணே, டயருக்கும் இதுக்கும் நடுவுல ஒரு விரல் தாராளமா போற மாதிரி விடுங்க" என்று சொல்லாவிட்டால், பார்வைக்கு ஒட்டினாற்போல் இருப்பதுதான் நேர்த்தி என்று நினைத்து நெருக்கிவிடுவார்கள். என்னிடம் ஒரு கடையில் அப்படித்தான் நடந்தது. அவர் வேலையில் குறையில்லை, அளவை நான் சொல்லாததுதான் குறை.

நாமே பூட்டுவதென்றால் நான் கையாளும் முறை இது. விரல் கனமுள்ள தேங்காய்நார்க் கயிற்றை, மட்கார்டு வரும் நீளத்துக்கு டயரின் நெற்றியில் படுக்கவைத்து, இரண்டு மூன்று இடங்களில் நூலால் கட்டிவிடுவேன். அதன்மேல் மட்கார்டைக் கவிழ்த்தால் இடைவெளி எல்லா இடத்திலும் ஒன்றுபோல் அமைந்துவிடும். முன்பக்கத்தில் போர்க்கின் தலையிலுள்ள துளையிலும், பின்பக்கத்தில் கிராங்குக்குப் பின்னாலுள்ள குறுக்குக் குழாயிலும் சீட்டுக்குக் கீழுள்ள குறுக்குக் குழாயிலும் போல்ட்டுகளைத் தளர்வாகப் போட்டுவைத்து, கம்பிகளையும் தளர்வாக மாட்டிய பிறகுதான் ஒவ்வொன்றாக இறுக்க வேண்டும். ஓரிடத்தை முழுக்க இறுக்கிவிட்டு அடுத்த இடத்துக்குப் போனால் மட்கார்டு இழுவையிலேயே நிற்கும். கையை எடுத்தால் தானே இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும் மட்கார்டு பல ஆண்டு வரும். வலுக்கட்டாயமாக இழுத்துப் பிடித்த மட்கார்டு அந்த போல்ட்டுத் துளையிலேயே விரிந்துபோகும். குறுக்குக் குழாய்க்கும் மட்கார்டுக்கும் நடுவே இடம் இருந்தால், இழுத்து ஒட்டவைக்காமல், பழைய செருப்பின் தோலை வட்டமாக வெட்டி அடுக்கிக் கொடுத்துவிட வேண்டும். அது அதிர்வையும் வாங்கிக்கொள்ளும், கடகடவென்ற சத்தத்தையும் அடக்கும்.

கம்பிகளை வாங்கியவுடன் வெட்டக் கூடாது. எல்லாம் இறுக்கிச் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து, வண்டியைச் சற்றுத் தூரம் ஓட்டிவந்த பிறகு, நீட்டிக்கொண்டிருக்கும் முனையை ஆக்சா பிளேடால் அறுத்து, அரம் போட்டு மழுக்கி, ரப்பர் மூடி போட வேண்டும். அந்த முனை கெண்டைக்காலைக் கிழிக்கும். கியர் வண்டியில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: வலப்பக்கப் பின்கம்பியின் போல்ட்டு நீளமாக இருந்தால் அதன் முனை உட்பக்கம் நீட்டிக்கொண்டு, செயின் கடைசிச் சிறு பல்சக்கரத்தில் ஓடும்போது அதில் உரசும். வண்டியைத் தூக்கிப்பிடித்துச் செயினை அந்தப் பல்லில் ஓடவிட்டுப் பார்க்காமல் வேலையை முடித்துவிடக் கூடாது. நட்டுகளுக்கு நைலான் வளையம் வைத்த லாக் நட்டு போடலாம். கிடைக்காவிட்டால் ஸ்பிரிங் வாசர் போட்டு இன்னொரு நட்டை மேலே இறுக்கிவிடலாம். டிஸ்க் பிரேக் உள்ள வண்டியில் முன்கம்பியின் வழியில் பிரேக் வந்து நிற்கும். அங்கே கம்பியை வளைப்பதைவிட, நீள போல்ட்டில் குழாய்த்துண்டு ஒன்றைக் கோத்துக் கம்பியை வெளியே தள்ளிக் கொண்டுபோவது உறுதியாக இருக்கும்.

பூட்டியபின் வரும் சத்தங்களில் பெரும்பாலானவை வேறெங்கோ செய்த வேலையால் வருபவை. பழைய வண்டிகள் பலவற்றில் மட்கார்டுக் கம்பியின் வளையம் சக்கரத்தின் அச்சிலேயே நட்டுக்கடியில் மாட்டியிருக்கும். டயர் மாற்றச் சக்கரத்தைக் கழற்றினால் மட்கார்டும் இடம் மாறிவிடும். திரும்பப் பூட்டும்போது அதை நடுவில் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்காவிட்டால் ஒரு பக்கம் உரசும். செயின் தளர்ந்து பின்சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்து இறுக்கும்போதும் இதே கதைதான்: கிராங்குப் பக்கம் இடைவெளி கூடும், பின்னால் குறையும். உரசல் கேட்டவுடன் மட்கார்டைக் கையால் வளைத்துவிடுவதுதான் நம் வழக்கம். அப்படிச் செய்யாமல், எந்தப் பக்கக் கம்பி நீளமாகவோ குட்டையாகவோ இருக்கிறது என்று பார்த்து, அந்த ஒரு கம்பியின் நட்டை மட்டும் தளர்த்தி, ஒன்றிரண்டு மி.மீ. நகர்த்தி இறுக்கினால் போதும்.

மூன்று வண்டிகளுக்கும் நாங்கள் எடுத்த முடிவைச் சொல்கிறேன். என் 28 அங்குல வண்டியில் இரும்பு மட்கார்டே தொடர்கிறது. வேட்டி கட்டிக்கொண்டு ஓட்டுகிறவனுக்கு அதன் மடிந்த ஓரங்களுக்கு ஈடு வேறில்லை. மகளுக்குப் பதினோராம் வகுப்பில் கிடைத்த அரசுச் சைக்கிளிலும் வந்தபடியே இரும்பு மட்கார்டை வைத்துக்கொண்டோம். உட்புறம் பெயின்ட் அடித்ததும், தாவணி சக்கரத்தில் சிக்காமலிருக்கப் பின்பக்கம் நெட் கட்டியதும்தான் நாங்கள் செய்தவை. அண்ணன் மகனின் கியர் வண்டிக்கு அலுமினியத் தகடு உள்ளே வைத்த முழுநீள பிளாஸ்டிக் மட்கார்டுகள் இரண்டையும், முன்பக்கப் பாதுகாப்புக் கிளிப்போடு வாங்கினோம். போர்க்கின் தலையில் 35 டயரோடு 13 மி.மீ. இடைவெளிதான் வந்தது, 32-க்கு மாறியதும் 16 கிடைத்தது, அதோடு நிறுத்திக்கொண்டோம்.

அந்த மட்கார்டின் கீழ்விளிம்பு தரையிலிருந்து 18 செ.மீ.யில் முடிந்துவிட்டதால், பழைய லாரி டியூபிலிருந்து ஒரு கை அகலத் துண்டை, மேலே ஒடுங்கியும் கீழே விரிந்தும் இருக்கும்படி கத்தரித்து, இரண்டு போல்ட்டும் அகல வாசரும் போட்டு அதன் நுனியில் தொங்கவிட்டோம். கடையில் விற்கும் மெல்லிய பிளாஸ்டிக் பிளாப் வேகத்தில் காற்றுக்குப் பின்னால் தூக்கிக்கொள்ளும். லாரி டியூப் தன் கனத்தால் நேராகத் தொங்கும், கல்லில் பட்டால் மடங்கிக்கொடுக்கும். தரையிலிருந்து 7 செ.மீ. உயரத்தில் அதன் விளிம்பை நிறுத்தினோம். இரண்டு மழைக்காலம் போயிருக்கிறது. கிளிப் ஒருமுறை விடுபட்டது. வண்டியை நிறுத்தி மிலாற்றை உருவிப் போட்டுவிட்டு, கையாலேயே திரும்ப அழுத்திக்கொண்டு வந்திருக்கிறான். இந்த ஐப்பசிக்கு முன் மாற்ற வேண்டியிருந்தது அந்த டியூப் துண்டை மட்டும்தான்: சரளையில் உரசி உரசித் தேய்ந்து, விளிம்பு 9 செ.மீ.க்கு ஏறியிருந்தது, கிராங்கின் மேல் செம்மண் படியத் தொடங்கியதைப் பார்த்து அவனே அளந்து சொன்னான்.